களத்தில் நின்ற பிறநாட்டவர்: தக்காமியாமாவும் யப்பானிய மற்போர் மரபும்

ஒரு சமூகம் தனது தொன்மையின் அடையாளமெனப் போற்றும் நிறுவனமொன்று, அச்சமூகத்திற் பிறவாத ஒருவரை எவ்வாறு ஏற்றுக்கொள்கின்றது என்பது வரலாற்று மாணவர் கருத்தூன்றி ஆராயவேண்டிய வினாவாகும். ஏற்பு என்பது ஒரு நாளில் நிகழ்ந்து முடிவதன்று. அது படிப்படியாக நிகழ்வது. ஒவ்வொரு படியிலும் ஒரு நிபந்தனை நிற்கும்; அது நிறைவேறியதும் அடுத்த படியில் வேறொரு நிபந்தனை தோன்றும். யப்பானின் தேசிய விளையாட்டெனக் கருதப்படும் சுமோ மற்போரில் 1964ஆம் ஆண்டு தொடக்கம் 1984ஆம் ஆண்டு வரை இருபது ஆண்டுகள் களத்தில் நின்ற தக்காமியாமா டைகோரோ என்னும் மல்லரின் வாழ்வு இதற்கு ஏற்றதொரு சான்றாகும்.

இம்மல்லரைப் பற்றிய குறிப்புகளிற் பெரும்பாலானவை, சுமோவின் உயர்பிரிவிற் பட்டம் வென்ற முதலாவது வெளிநாட்டவர் என்ற ஒரு தொடருடன் அமைந்துவிடுகின்றன. இத்தொடர் பிழையானதன்று, எனினும் முழுமையான உண்மையையும் அது தரவில்லை. இவருக்கு முன்னரே யப்பானியக் குருதி முழுமையாக அமையாதோரும் வேற்றினத்தாரும் அக்களத்தில் நின்றனர், புகழும் பெற்றனர். அவர்களுடைய பிறப்பு மறைக்கப்பட்டது, அல்லது பேசப்படாது விடப்பட்டது. தக்காமியாமாவின் பிறப்பையோ மறைப்பதற்கு வழியே இருக்கவில்லை. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு நோக்கும்போதே அவருடைய வாழ்வின் வரலாற்று முக்கியத்துவம் தெளிவாகும்.

மரபும் அதன் ஆக்கமும்

சுமோவின் தொன்மையை ஐயுறுவதற்கில்லை. கி.பி. 720இல் நிறைவுற்ற ‘நிகொன் ஷொக்கி’ என்னும் வரலாற்று நூல் நொமி நோ சுகுனே, தைமா நோ கெஹாயா என்னும் இருவர் அரசன் முன்னிலையில் மற்போர் புரிந்த கதையைக் கூறுகின்றது. ஹெய்யன் காலத்து அரசவையில் ஆண்டுதோறும் மற்போர் விழா நடைபெற்றது. எடோ காலத்திலே, கோயிற் றிருப்பணிக்கு நிதி திரட்டும் காட்சியாகத் தொடங்கி, ஊதியம் பெறும் தொழின்முறை மல்லர்களின் விளையாட்டாக அது வளர்ந்தது.

ஆயினும் இன்று தொன்மையின் வடிவமெனக் காட்சிதரும் கூறுகளுட் பல அண்மைக் காலத்தனவாகும். 1868இல் மெய்ஜி ஆட்சி தோன்றியபோது மேனாட்டு நாகரிகத்தை வேகமாகத் தழுவ முற்பட்டோர், அரையில் ஒரு துணி மட்டும் அணிந்து பொருதும் இவ்விளையாட்டை நாகரிகமற்றதென இகழ்ந்தனர். 1884இல் மெய்ஜிப் பேரரசர் சுமோவை நேரிற் கண்டுகளித்தமை அதற்கு மீள்வாழ்வு அளித்தது. ‘யொகொசுனா’ என்னும் சொல் மல்லர் தரப்பட்டியலில் முதன்முதல் இடம்பெற்றது 1890ஆம் ஆண்டிலேயாம். அது முறையான தரமாக வரையறுக்கப்பட்டது 1909இலேயாம். அதே ஆண்டிலேதான் தோக்கியோவில் நிரந்தர அரங்கு திறக்கப்பட்டு, ‘தேசிய விளையாட்டு மண்டபம்’ எனப் பொருள்படும் ‘கொக்குகிக்கான்’ என்ற பெயரைப் பெற்றது. நடுவர்கள் அணியும் பழங்கால உடை 1910இற் புகுத்தப்பட்டது. களத்தின் மேலுள்ள கூரை ஷின்ரோக் கோயிற் பாணிக்கு மாற்றப்பட்டது 1931இல். தூண்கள் அகற்றப்பட்டுக் கூரை மேலிருந்து தொங்கவிடப்பட்டது 1952இல். மரபு காலந்தோறும் ஆக்கப்பட்டே வந்துள்ளதென்பதற்கு இவை போதிய சான்றுகளாம். ஆதலின், ‘மரபு இடந்தராது’ என்ற வாதம் எழும்போதெல்லாம், எந்தக் காலத்து மரபு, யாரால் வரையறுக்கப்பட்ட மரபு என்று வினவுதல் வரலாற்று மாணவரின் கடனாகின்றது.

சுமோவின் அமைப்பையும் ஈண்டுச் சுருக்கமாக அறிதல் வேண்டும். 4.55 மீற்றர் விட்டமுடைய மண் வட்டத்தினுள் இருவர் பொருதுவர். வட்டத்திற்கு வெளியே கால் வைத்தவர், அல்லது உள்ளங்காலன்றி உடலின் வேறெப்பகுதியேனும் நிலத்திற் பட்டவர் தோற்றவராவர். எடைப் பிரிவுகள் இல்லை. மல்லர்கள் ஆறு பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளனர். அவற்றுள் மேலிரு பிரிவினருக்கு மட்டுமே மாதச் சம்பளம் உண்டு. கீழுள்ளோர் தாம் வாழும் மல்லர்கூடத்திற் சமைத்தும் துப்புரவு செய்தும் மூத்த மல்லருக்கு ஏவல் புரிந்தும் காலங்கழிப்பர். உயர்பிரிவின் உச்சியில் யொகொசுனாவும், அதன்கீழ் முறையே ஒசெக்கி, செக்கிவாக்கே, கொமுசுபி என்னும் தரங்களும் அமைந்துள்ளன. ஏனையோர் மாயெகஷிரா எனப்படுவர். 1958ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஆறு சுற்றுப்போட்டிகள் நடைபெற்று வருகின்றன.

ஓய்வுபெற்ற மல்லர்களுட் சிலர் ‘மூத்தோர்’ என்ற நிலையைப் பெற்றுச் சங்கத்தை நிருவகிப்பர், மல்லர்கூடங்களை நடத்துவர். இம்மூத்தோர் பெயர்கள் 105 என வரையறுக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றைப் பெறாதவர் தலைமயிர் முடிச்சைக் களைந்த நாளுடன் சுமோ உலகை விட்டு நீங்கவேண்டியதே. எனவே ஒரு மல்லர் அம்மரபுக்கு உரியவராக ஏற்கப்பட்டாரா என்பதற்கான இறுதிச் சோதனை களத்திலன்று, களத்தை விட்டு அவர் இறங்கும்போதே நிகழ்கின்றது.

மறைந்து நின்றோர்

தக்காமியாமாவுக்கு முன் சென்றோருள் இருவர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். முதல்வர் றிக்கிடோசன். இன்றைய வட கொரியப் பகுதியிற் பிறந்த கொரியரான இவர், கொரியா யப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த காலத்தில், 1940இற் சுமோக் களம் புகுந்தார். 1949இற் செக்கிவாக்கே தரத்தை எய்தினார். அடுத்த ஆண்டிற் சுமோவைக் கைவிட்டார். பின்னர் மேனாட்டுப் பாணி மல்யுத்தத்தில் அமெரிக்கரை வீழ்த்தி, போரிற் றோல்வியுற்ற யப்பானிய மக்களின் பெருவீரராகக் கொண்டாடப்பட்டார். அவர் நாகசாக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவரென்றே மக்கள் அறிந்திருந்தனர். 1963இல் அவர் இறக்கும்வரை அவரது கொரியப் பிறப்பு பொதுமக்களிடமிருந்து மறைக்கப்பட்டே இருந்தது.

இரண்டாமவர் தாய்ஹோ. அவர் 1940இற் சகலின் தீவிற் பிறந்தார். அப்போது அத்தீவின் தென்பாதி யப்பானின் வசமிருந்தது. தாய் யப்பானியர், தந்தை உக்ரேனியர். 1961இல் யொகொசுனாவாக உயர்ந்த தாய்ஹோ 1971இல் ஓய்வுபெறும்வரை 32 பட்டங்களை வென்றார். சுமோப் பட்டியல்களில் அவரது ஊராக ஹொக்கைடோவிலுள்ள ஒரு சிற்றூரே பதியப்பட்டது. யப்பானிய மல்லர்களுள் தலைசிறந்தவராக ஒரு தலைமுறை போற்றியவரின் தந்தை வேற்றினத்தவர் என்ற உண்மை பெரிதுபடுத்தப்படவில்லை.

இவ்விருவரின் வாழ்விலிருந்தும் ஒன்று புலனாகின்றது. சுமோ உலகு பிறரை முற்றாக விலக்கவில்லை; அவர்கள் பிறராகத் தோன்றாதவரை அவர்களுக்கு இடம் இருந்தது. தோற்றமும் பெயரும் மொழியும் ஒத்துப்போயின். பிறப்பை யாரும் கேளார். இந்த மௌன உடன்பாட்டைத் தன் உருவத்தாலேயே குலைத்தவர் ஹவாயிலிருந்து வந்த இளைஞர்.

மாவுயித் தீவிலிருந்து தோக்கியோவுக்கு

ஜெசி குஹாவுலுவா 1944ஆம் ஆண்டு யூன் மாதம் 16ஆந் திகதி ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய மாவுயியிற் பிறந்தார். ஹவாய்ப் பழங்குடி மரபினர். அவர் பிறந்த காலத்தில் ஹவாயும் யப்பானும் போரின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றன. எனினும் அத்தீவுகளுக்கும் யப்பானுக்கும் இடையிலான தொடர்பு போருக்கு முற்பட்டது. ஹவாயின் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக யப்பானியத் தொழிலாளர் முதன்முதல் 1868இற் கப்பலேறினர். 1885 தொடக்கம் இரு அரசுகளின் உடன்பாட்டின்படி ஆயிரக்கணக்கானோர் சென்றனர். தோட்டக் குடியிருப்புகளில் வாழ்ந்த அம்மக்கள் தம் கோயில்களையும் விழாக்களையும் போலவே மற்போரையும் உடன்கொண்டு சென்றனர். யப்பானின் தேசிய விளையாட்டு ஹவாய்ச் சிறுவனொருவனைச் சென்றடைந்த வழி, இத்தோட்டத் தொழிலாளர் கடல்கடந்த வழியேயாம். பின்னாளில் அச்சிறுவன் அதே வழியில் எதிர்த்திசையிற் பயணஞ் செய்தான் என்பது வரலாற்றின் ஒரு திருப்பமாகும்.

பள்ளியில் அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடிய ஜெசிக்கு உடல் பெரிது, கால்கள் வலுக்குறைந்தவை. கால்களை உரப்படுத்தும் பொருட்டே அவர் உள்ளூர்ச் சுமோப் பயிற்சியிற் சேர்ந்தார். 1964இல் தோக்கியோ மல்லர்கள் ஹவாய்க்கு வந்தபோது, தக்காசகோ மல்லர்கூடத்தின் தலைவர் அவரைக் கண்டு தம்முடன் அழைத்துச் சென்றார். அப்போது அவருக்கு வயது 19. யப்பானிய மொழி அறியார்.

அழைத்துச் சென்ற தலைவரின் வரலாறும் கருதத்தக்கது. அவர் மாயெதயாமா என்ற பெயரில் 39ஆவது யொகொசுனாவாக விளங்கியவர். 1949இல், நோயின் காரணமாகச் சுற்றுப்போட்டியிலிருந்து விலகியிருந்த வேளையில், யப்பானுக்கு வந்திருந்த அமெரிக்க பேஸ்போல் அணியின் ஆட்டத்தைப் பார்க்கச் சென்றமைக்காக ஓய்வுபெறுமாறு நிர்ப்பந்திக்கப்பட்டவர். தக்காசகோ கூடத்தின் மூதாதையோ 1873இல் மல்லர்களின் நலன்களை முன்வைத்துத் தோக்கியோச் சுமோ நிருவாகத்துடன் முரண்பட்டு வெளியேறி, தனிக் குழு அமைத்து, ஐந்தாண்டுகளின் பின்னர் மீண்டவர். அம்மூதாதை தம் இளமையிற் பூண்டிருந்த தக்காமியாமா என்ற களப்பெயரே ஹவாய் இளைஞருக்குச் சூட்டப்பட்டது. மரபின் ஓரங்களில் நின்று அதனுடன் மோதியோரின் கூடமொன்றே பிறநாட்டவருக்கு முதலிற் கதவு திறந்தது என்பது தற்செயலானதாகத் தோன்றவில்லை.

பயிற்சியும் ஏற்றமும்

1964 மார்ச் மாதத்தில் தக்காமியாமா களமிறங்கினார். வெப்ப மண்டலத் தீவிலிருந்து வந்தவர் குளிர்காலத்து விடியலிற் பயிற்சிக் களத்தில் நின்றார். கால்களைப் பக்கவாட்டில் விரித்து மார்பு நிலத்திற் படுமாறு குனிதல் என்ற பயிற்சி, உரம்பெறாத கால்களையுடைய அவருக்குப் பெருந் துன்பமாய் இருந்தது. அப்போது வழிந்த கண்ணீரைக் கண்ணின் வியர்வை என அவர் விளக்கினார் எனக் கூறப்படுவதுண்டு. பயிற்சியின்போது தொண்டையிற் பட்ட அடியினால் அவரது குரல் கம்மியது. வாழ்நாள் முழுவதும் அக்குரலே நிலைத்தது. மீனும் சோறும் உணவாயின. மொழி சிறிது சிறிதாகக் காதில் ஏறியது. சம்பளமற்ற கீழ்ப் பிரிவுகளில் அவர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளைக் கழித்தார்.

1967 மார்ச்சில் இரண்டாம் பிரிவுக்கும் 1968 சனவரியில் உயர்பிரிவுக்கும் அவர் உயர்ந்தார். உயர்பிரிவில் அவர் பங்குபற்றிய முதற் சுற்றுப்போட்டியிலேயே சதனோயாமா என்னும் யொகொசுனாவை வீழ்த்தினார். மாயெகஷிரா தரத்தினர் ஒருவர் யொகொசுனாவை வெல்லும் வெற்றி ‘பொன் விண்மீன்’ எனப்படும். அதற்குரிய கொடை வெற்றி பெற்றவருக்கு அவர் களத்தில் நிற்கும் காலமெல்லாம் வழங்கப்படும். தக்காமியாமா இத்தகைய 12 விண்மீன்களைப் பெற்றார். அக்காலம்வரை வேறெவரும் அத்தொகையை எட்டியதில்லை.

அவரது ஆட்டம் குறையற்றதன்று. 192 சென்ரிமீற்றர் உயரமும் 200 கிலோகிராமைக் கடந்த எடையும் கொண்ட அவர், தம் நீண்ட கைகளால் எதிரியின் மார்பிற் றொடர்ந்து தாக்கி வெளியே தள்ளும்போது தடுப்பது அரிது. ஆனால் உயரமும் கால்களின் தளர்ச்சியும் அவரை எளிதில் நிலைதவறச் செய்தன. அரைக்கச்சையைப் பற்றிப் பக்கவாட்டில் இழுக்கும் சிறிய மல்லரிடம் அவர் பலமுறை விழுந்தார். பெரிய உருவம் வியக்கத்தக்க வகையில் வெல்வதும் வியக்கத்தக்க வகையில் வீழ்வதும் மக்களுக்கு அவரை நெருக்கமாக்கின. அவரது அடர்ந்த கன்னமயிரும் கம்மிய குரலும் தொலைக்காட்சி வாயிலாக நாடெங்கும் அறியப்பட்டன.

1972 யூலை மாதம் நகோயாவில் நடைபெற்ற சுற்றுப்போட்டியில், நான்காம் மாயெகஷிராவாக நின்ற தக்காமியாமா 15 போட்டிகளுள் 13இல் வென்று பட்டத்தைக் கைப்பற்றினார். பரிசளிப்பின்போது அமெரிக்கத் தூதுவர் றொபேட் இங்கசொல் களத்தின்மீது ஏறிச் சனாதிபதி நிக்சனின் வாழ்த்துச் செய்தியை ஆங்கிலத்தில் வாசித்தார். அக்களத்தில் முறைப்படி ஆங்கிலம் ஒலித்தது அதுவே முதன்முறை என்பர். அவரைக் கண்டெடுத்து வளர்த்த தலைவர் இதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. அவர் முந்திய ஆண்டிற் காலமாகியிருந்தார்.

இந்நிகழ்ச்சியை யப்பானிய மரபின் பரந்த மனத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோர் உளர். இக்கூற்றை வேறொரு நிகழ்ச்சியுடன் ஒப்புநோக்குதல் தகும். 1990 சனவரியில் யப்பானிய அமைச்சரவையின் தலைமைச் செயலாளராக விளங்கிய மொறியாமா மயுமி, பிரதமரின் கிண்ணத்தை வழங்குவதற்காகக் களத்தில் ஏற விரும்பினார். பெண்கள் களத்தில் ஏறுதல் மரபன்று எனச் சுமோச் சங்கம் மறுத்தது. வேற்று நாட்டுத் தூதுவர் ஏறிய களத்தில் அந்நாட்டின் அமைச்சர் ஏற முடியவில்லை. ஆகவே கதவு திறந்தது உண்மையே. எக்கதவு, யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் முன்னிருந்த கைகளிலேயே இருந்தது.

பிரசாவுரிமை என்னும் நிபந்தனை

வெற்றியின் பின்னர் தக்காமியாமா செக்கிவாக்கே தரத்திற்கு உயர்ந்தார். அதற்குமேல் அவர் செல்லவில்லை. ஒசெக்கி தரத்துக்கு வேண்டிய தொடர் வெற்றிகளை அவரால் ஈட்ட இயலவில்லை என்பதே இதற்குக் காரணம். இதில் எவரையும் குறைகூறுவதற்கில்லை. அவரது பெருமை வேறொன்றில் இருந்தது. உயர்பிரிவுக்கு வந்த நாள் முதல் 1981 வரை ஒரு போட்டியேனும் தவறாது 1,231 போட்டிகளில் தொடர்ந்து நின்றார். நோவையும் காயத்தையும் காரணங் காட்டி ஒதுங்காமை மல்லரின் தலையாய பண்பெனக் கருதப்படும் உலகில், அப்பண்புக்கு உதாரணமாகப் பிறநாட்டவரே அமைந்தார்.

1974இல் அவர் யப்பானியப் பெண்மணி ஒருவரை மணந்தார். ஓய்வின் பின்னரும் சுமோவிலேயே நிலைத்து, இளைஞரைப் பயிற்றுவிக்க வேண்டுமென்பது அவரது விருப்பமாயிற்று. இந்நிலையில், 1976ஆம் ஆண்டிற் சங்கம் புதிய விதியொன்றை இயற்றியது. மூத்தோர் நிலையைப் பெறுவோர் யப்பானியப் பிரசைகளாக இருத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. முன்னர் இவ்வாறு எழுதப்பட்ட விதி எதுவும் தேவைப்படவில்லை. மூத்தோராக வரக்கூடியவர் யப்பானியராகவே இருப்பர் எனக் கொள்ளப்பட்டமையே காரணம். விதி யாரை மனத்திற்கொண்டு எழுந்தது என்பதை உய்த்துணர்தல் கடினமன்று.

சங்கத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் கூறலாம். மூத்தோர் வெறும் பயிற்றுநர் அல்லர். பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவரைத் தம் இல்லத்தில் வைத்து வளர்ப்போர். சங்கத்தின் ஆட்சியிற் பங்குகொள்வோர். அத்தகையோர் நாட்டுடன் நிலையான பிணைப்பு உடையவராக இருத்தல் வேண்டுமெனக் கருதுதல் முற்றிலும் பொருளற்றதன்று. ஆயினும் 1976இல் தக்காமியாமா பன்னிரண்டு ஆண்டுகளை அவ்வுலகிற் கழித்திருந்தார்; அதன் மொழியைப் பேசினார்; அதன் ஒழுங்குகளைக் கடைப்பிடித்தார். பிணைப்பை வாழ்வினால் நிறுவியவரிடம் அதனைப் பத்திரத்தாலும் நிறுவுமாறு கேட்கப்பட்டது.

1980 யூன் மாதத்தில் அவர் யப்பானியப் பிரசையானார். யப்பானியச் சட்டம் வேறு நாட்டுப் பிரசாவுரிமையையும் வைத்திருக்க இடமளிப்பதில்லை. ஆகவே அமெரிக்கப் பிரசாவுரிமையையும் பிறந்த பெயரையும் அவர் துறக்க நேர்ந்தது. மனைவியின் குடும்பப் பெயரையும் தம் களப்பெயரின் பிற்பகுதியையும் இணைத்து வத்தனபே டைகோரோ என்ற பெயரைப் பூண்டார். யப்பானின் கீர்த்தி வாய்ந்த பிறநாட்டவர் சட்டத்தின் கண்ணிற் பிறநாட்டவர் அல்லாதவரானார்.

1984இல் தளர்ச்சி அவரை வென்றது. 97 சுற்றுப்போட்டிகளை உயர்பிரிவிற் கண்ட பின்னர், அவர் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார். நாற்பதாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருக்க, மே மாதத்தில் ஓய்வுபெற்று, அசுமசெக்கி என்னும் மூத்தோர் பெயரை ஏற்றார். 1986இற் சொந்த மல்லர்கூடத்தைத் திறந்தார். பிறநாட்டிற் பிறந்த ஒருவர் மல்லர்கூடம் நிறுவியது அதுவே முதற்றடவையாகும்.

பின்வந்தோரும் புதிய எல்லைகளும்

தக்காமியாமா திறந்த வழியில் வந்தோர் அவர் எட்டாத உயரங்களை எட்டினர். ஹவாயிற் பிறந்த சமோவ மரபினரான கொனிஷிக்கி, தக்காமியாமாவின் அழைப்பின்பேரில் 1982இல் தக்காசகோ கூடத்திற் சேர்ந்து, 1987இல் ஒசெக்கியாக உயர்ந்தார். 1992 மார்ச்சில் அவர் தமது மூன்றாம் பட்டத்தை வென்றபோது யொகொசுனா உயர்வு பற்றிய பேச்சு எழுந்தது. அத்தரத்துக்கு வெற்றியுடன் ‘ஹின்காக்கு’ எனப்படும் மாண்பும் வேண்டுமென்பது விதி. அவ்வாண்டிலே, யொகொசுனாத் தேர்வு ஆலோசனை அவையின் உறுப்பினரும் எழுத்தாளருமாகிய கொஜிமா நொபொறு, பிறநாட்டு யொகொசுனா வேண்டியதில்லை எனப் பொருள்படும் தலைப்பில் ‘புங்கெய் ஷுன்ஜு’ சஞ்சிகையிற் கட்டுரை வரைந்தார். தமக்கு உயர்வு மறுக்கப்பட்டமை இனவேற்றுமையினால் என்று கொனிஷிக்கி கூறியதாகச் செய்திகள் வெளிவந்தன. அவர் பகிரங்கமாக வருத்தந் தெரிவிக்க நேர்ந்தது. கொனிஷிக்கி யொகொசுனா ஆகவில்லை.

கேள்வி மட்டும் அடங்கவில்லை. 1988இல் அசுமசெக்கி கூடத்திற் களமிறங்கிய ஹவாய் இளைஞர் அக்கெபோனோ, 1992 நவம்பரிலும் 1993 சனவரியிலும் அடுத்தடுத்துப் பட்டம் வென்றார். 1992 மே மாதத்திலிருந்து யொகொசுனா இடம் வெறுமையாக இருந்தது. அடுத்தடுத்து இரு பட்டங்கள் என்ற அளவுகோலுக்கு விடை கூற இயலாத நிலையில், அக்கெபோனோ 64ஆவது யொகொசுனாவாக உயர்த்தப்பட்டார். செக்கிவாக்கேயுடன் நின்றுபோன ஆசான் முதலாவது பிறநாட்டு யொகொசுனாவை உருவாக்கினார். 1998இல் நகானோவில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் தொடக்கவிழாவில், உலகின் முன் களம்புகு சடங்கை நிகழ்த்தி யப்பானிய மரபை எடுத்துக்காட்டியவரும் அக்கெபோனோவே.

வழி அகன்ற அதே வேளையில் வேலியும் உயர்ந்தது. 1992இல் ஒரு கூடத்திற்கு இரு பிறநாட்டவர், மொத்தமாக நாற்பதின்மர் என்ற வரையறை வந்தது. 2002இல் அது கூடத்திற்கு ஒருவராகக் குறுகியது. பிரசாவுரிமை பெற்றவர் கணக்கிலிருந்து நீங்குவதால் அவரிடத்திற்குப் புதியவர் வரலாம் என்ற நிலை இருந்தது. 2010இல் அதுவும் மாற்றப்பட்டது. பிரசாவுரிமை பெற்றிருப்பினும், வெளிநாட்டிற் பிறந்தவர் பிறநாட்டவராகவே எண்ணப்படுவார் என விதிக்கப்பட்டது. 1976இற் பிரசையாகுமாறு கேட்ட சங்கம், 2010இற் பிரசையானமை போதாது எனக் கூறியதாயிற்று.

இம்மாற்றத்தின் பின்னணியில் மொங்கோலிய மல்லர்களின் எழுச்சி இருந்தது. 1992இல் அவர்களுள் முதல்வர் வந்தனர். 2003இல் அசஷோறியூவும் 2007இல் ஹக்குஹோவும் யொகொசுனாவாயினர். ஹக்குஹோ 45 பட்டங்களை வென்று தாய்ஹோவின் தொகையைக் கடந்தார். எனினும் மூத்தோராகும் தகுதிக்காக 2019இல் அவரும் யப்பானியப் பிரசையாக வேண்டியிருந்தது. 2006 சனவரிக்கும் 2016 சனவரிக்கும் இடையிற் பத்து ஆண்டுகள், யப்பானிற் பிறந்த எவரும் உயர்பிரிவுப் பட்டத்தை வெல்லவில்லை. இக்காலத்தில், 2012 மே மாதத்தில் கியொக்குதென்ஹோ பட்டம் வென்றார். அவர் மொங்கோலியாவிற் பிறந்து 2005இற் பிரசாவுரிமை பெற்றவர், சட்டப்படி யப்பானியர். ஆயினும் நீண்ட வறட்சி அவரால் நீங்கியதாகக் கொள்ளப்படவில்லை. 2016இற் கொத்தோஷோகிக்கு வென்றபோதே, ‘யப்பானிற் பிறந்த’ மல்லரின் வெற்றி எனக் கொண்டாட்டம் நிகழ்ந்தது. ‘யப்பானியர்’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘யப்பானிற் பிறந்தவர்’ என்ற சொல் வந்து அமர்ந்தமை கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரு சொல்லின் எல்லையைப் பிறர் கடந்துவிட்டால், சமூகம் வேறொரு சொல்லைத் தேடிக்கொள்கின்றது.

மதிப்பீடு

தக்காமியாமாவின் வாழ்வை இருவகையாக மதிப்பிடுதல் கூடும். தம் பெயரையும் நாட்டையும் மொழியையும் கைவிட்டு மரபுக்குப் பணிந்தவர் என்பது ஒரு மதிப்பீடு. மரபின் கதவைத் தம் தோளாற் றள்ளித் திறந்தவர் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. அவர் விதிகளை எதிர்த்துக் குரல் எழுப்பிய கிளர்ச்சியாளர் அல்லர். வைக்கப்பட்ட நிபந்தனைகள் ஒவ்வொன்றையும் நிறைவேற்றியவர். ஆனால், யாரும் குறைகூற முடியாதவாறு எல்லாவற்றையும் நிறைவேற்றியதனாலேயே, அந்நிபந்தனைகளின் இயல்பு வெளிப்பட்டது. ஒழுக்கம் வேண்டும், பணிவு வேண்டும், மொழி வேண்டும், பிரசாவுரிமை வேண்டும் என்ற படிகள் ஏறி முடிந்தபின், எவராலும் ஏற முடியாத பிறப்பு என்னும் படி எஞ்சி நின்றது. றிக்கிடோசனும் தாய்ஹோவும் நின்ற காலத்தில் மௌனத்தினால் மூடப்பட்டிருந்த இப்படி, தக்காமியாமாவின் பின்னரே விதியாக எழுதப்பட்டது.

இது யப்பானுக்கு மட்டும் உரிய குறையன்று. தம்மிடை வாழ்ந்து உழைத்து முதிர்ந்தோரை ‘வந்தவர்’ என்றே எண்ணும் வழக்கம் பல சமூகங்களிலும் காணப்படுவது. சுமோவின் வரலாற்றில் அது ஆண்டும் விதியுமாகப் பதிவாகியிருப்பதனால் அதனைத் தெளிவாகக் காண முடிகின்றது, அவ்வளவே.

தக்காமியாமா 65 வயது நிறைந்து 2009 யூன் மாதத்திற் சங்கத்திலிருந்து ஓய்வுபெற்றார். அவர் நிறுவிய மல்லர்கூடம் 2021இல் மூடப்பட்டது. கட்டடமும் பெயர்ப்பலகையும் நிலைக்கவில்லை. ஆயினும் களப்பெயருடன் பிறந்த நாட்டின் பெயரையும் ஒளிவின்றித் தாங்கி ஒரு மல்லர் சுமோவின் உயர்பிரிவில் நிற்க முடியும் என்ற நிலை அவருடன் தொடங்கியது, அது நிலைத்தது. மொங்கோலியாவின் மேய்ச்சல் நிலத்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பின்னர் வந்த இளைஞர் எவருக்கும் நாகசாக்கியிலோ ஹொக்கைடோவிலோ ஓர் ஊரைத் தேடிக்கொள்ளும் தேவை இருக்கவில்லை. ஏற்பு முழுமை பெறாதபோதும், மறைந்து வாழவேண்டிய காலம் முடிவுற்றது. ஒரு மல்லரின் இருபதாண்டு உழைப்பு ஈட்டித்தந்த இப்பயனைச் சிறிதென்று கூறுவதற்கில்லை.